இரண்டாம் தரப்பு

அக்கா ஓக்-ரே கையெழுத்துப் போட்டு ஒன்பது நாள் ஆன பிறகுதான் அந்தக் காகிதம் சுன்-இம்மின் கையில் சிக்கியது. அதுவும் அவளாகத் தேடியதல்ல. வடமேற்குக் காற்று நான்கு நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் ஒரு படகும் இறங்கவில்லை. அடுக்களை ஜன்னல் இடுக்கில் திணிக்கப் பழைய தாள் ஏதாவது வேண்டும் என்று அலமாரியைக் கிண்டியபோது மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே மடித்துக் கிடந்தது.

"அத எடுக்காதட்டி. கம்பெனி பேப்பரு" என்றாள் ஓக்-ரே.

அவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயை வலது கையால் தின்றுகொண்டிருந்தாள். இடது கை மடியில் துணிப் பொதியாகக் கிடந்தது. ஆட்காட்டி விரலில் இரண்டு கணு இல்லை. நடுவிரல் இருந்தது, ஆனால் மடங்கவில்லை. நவம்பர் கடைசியில் சிப்பிக் கொட்டகையில் வைத்துக் கத்தி நழுவி ஓடு குத்தியது. குத்தியதோடு கையுறையை மாற்றிவிட்டு மத்தியானம் வரை நின்று உரித்தாள். மூன்றாம் நாள் கை புறங்கை வரை கறுத்து வீங்கிற்று. தோங்யோங் நகர ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள்.

இருபத்தாறு வருஷம் ஓக்-ரே அந்தக் கொட்டகையில் நின்றாள். விடியுமுன் போய் நீள மேசையின் முன்னால் இரு பக்கமும் வரிசையாக நிற்கும் பெண்களோடு நிற்க வேண்டும். நனைந்த ஏப்ரன், இரட்டைக் கையுறை, காலடியில் சேறும் ஓடும். எடைக்குக் கூலி. வெளியே ஓடுகளைக் குவித்திருப்பார்கள். அந்தக் குவியலில் ஒட்டிக்கிடக்கும் சதை அழுகி எழும்பும் நாற்றம் பனிக்காலத்திலும் அடங்காது. வீட்டுப் போர்வைகளிலும் அந்த நாற்றம் உண்டு. சுன்-இம் கல்லூரிக்குப் போட்டுப் போகும் கோட்டிலும் உண்டு.

சுன்-இம் காகிதத்தை நின்றபடியே படித்தாள். ஒரு பக்கம்தான். படித்துவிட்டு மறுபடி மேலே போய்ப் படித்தாள்.

"இத யாரு உனக்குப் படிச்சுச் சொன்னா?"

"கி-பொம்தான். நம்ம கொட்டகை நாம்கூங் முதலாளி ஆரஞ்சுப் பெட்டியோட வந்தாரு. நீ காலேஜுக்குப் போயிருந்தே. இவன் நல்லாத் தடதடன்னு படிச்சான். ஒரு எடத்துலயும் தடுக்கல. முதலாளியே, 'பிள்ளையப் பாரு, ரேடியோவுல வாசிக்க மாரி வாசிக்குதான்'ன்னாரு."

"என்னக்கா இதுல எழுதியிருக்கு?"

"ஆஸ்பத்திரிச் செலவு அவங்களுது. கைக்குக் கொஞ்சம் பணம். பொறவு நான் எப்ப வேலைக்கு வந்தாலும் கம்பெனி ஒண்ணும் ஆட்சேபம் சொல்லாதாம். அம்புட்டுத்தான்."

சுன்-இம் "ஏலே கி-பொம்!" என்று உள்ளறைப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

ஓக்-ரேயின் மகன் வந்தான். இருபத்தொரு வயது. நல்ல உயரம். அப்பாவைப் போல அகலத் தோள். அப்பன் ஈரல் கெட்டுச் செத்து ஏழு வருஷமாகிறது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் மூன்று பேர்: சிப்பி உரிக்கிற அக்கா, கல்யாணம் கட்டிக்கொள்ளாத தங்கை, இவன். இவன் படிப்பது சுன்-இம் பகுதிநேரமாகப் பாடம் எடுக்கிற அதே கல்லூரியில். அந்தப் பாடத்தின் பெயர் 'வாசிப்பும் சிந்தனையும்'. எந்தப் பட்டத்துக்குப் படித்தாலும் அதைக் கட்டாயம் எடுத்தாக வேண்டும்.

"இதப் படி."

"இப்பமா? அன்னைக்கே படிச்சாச்சே சித்தி."

"படிலே."

படித்தான். உண்மைதான், ரேடியோ போலத்தான் இருந்தது. "இரண்டாம் தரப்பு தன் சொந்த உபயோகத்துக்காகச் சிப்பி கையாண்டபோது மேற்படி காயம் நேர்ந்தது என்பதை உறுதி செய்கிறது. இரண்டாம் தரப்பு இது தொடர்பாக இனி எவ்வித ஆட்சேபமும் எழுப்பாது, எந்த அலுவலகத்திலும் கோரிக்கை வைக்காது."

"என்ன புரிஞ்சுது?"

"கம்பெனி தன்னோட வேலைக்காகச் சிப்பி உரிக்கச் சொன்னப்போ அடிபட்டுச்சுன்னு ஒத்துக்கிடுது. இனி அம்மாவ ஆட்சேபிக்க மாட்டாங்க."

"இரண்டாம் தரப்பு யாரு?"

"கம்பெனி."

"எங்க இருக்கு அப்படி?"

அவன் தாளைப் பார்த்தான். "ஆட்சேபம் பண்ணுறது கம்பெனிதானே சித்தி? அம்மா எங்க ஆட்சேபம் பண்ணுவா?"

"மேல மொதப் பத்தியப் படி."

"அதெல்லாம் பேரும் விலாசமும்தானே. அத விட்டுட்டேன்."

"விட்டதப் படி."

"'கீழே ஒப்பமிடும் சிப்பி உரிப்பாளர், இனி இரண்டாம் தரப்பு என…'" அதோடு குரல் நின்றது.

காற்று ஜன்னலை ஆட்டியது. ஓக்-ரே மகனையும் தங்கையையும் மாறிமாறிப் பார்த்தாள். எழுத்து தெரியும் அவளுக்கு. ஆறாம் வகுப்பு. ஆனால் முத்திரை குத்திய கடுதாசி என்றால் பிறர் கையில்தான் கொடுப்பாள். "என்னட்டி? என்ன போட்டுருக்கான்?"

"நீ வீட்டுல தின்னுறதுக்கு சிப்பி உரிச்சு வெரலப் போக்கிக்கிட்டேன்னு போட்டுருக்கான். வேலையில இல்லையாம். இனி விபத்துப் பணம் குடுக்குற ஆபீஸ் பக்கமே போக மாட்டேன்னு நீ சொல்லிருக்கே. கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கே."

ஓக்-ரே கிம்ச்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். சுன்-இம் கி-பொம் பக்கம் திரும்பினாள்.

"பன்னெண்டு வருஷம் பள்ளிக்கூடம், ரெண்டு வருஷம் காலேஜு. உங்கம்மா சிப்பியில நின்னு நின்னு முட்டி தேஞ்சு போச்சு. 'யாரு'ன்னு ஒரு கேள்வி கேக்கத் தெரியலையாலே உனக்கு? எதுக்கு ஒருத்தன் ஆரஞ்சுப் பெட்டியோட வீடு தேடி வாரான்னு ஒரு நிமிஷம் யோசிக்கலையா? வாய்தான் படிக்குது. உள்ள ஒரு மண்ணும் இல்ல."

"அவன ஏன் ஏசுத?" என்றாள் ஓக்-ரே. குரல் உயரவில்லை. "நீதானட்டி அவனுக்கு ஏ கிரேடு போட்டே?"

சுன்-இம் ஐஸ்பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாசிப்புக்கு ஏ வாங்கியிருக்கான்னு மார்க் தாள அந்த ஐஸ்பெட்டியில ஒட்டி வச்சேன். என் தங்கச்சியே போட்டது. நான் அத நம்பித்தானே அவன் கையில பேப்பரக் குடுத்தேன். நாலு தெரு தள்ளிப் போனா ரிட்டயர் ஆன வாத்தியார் வீடு. அங்கன கொண்டு போயிருப்பேன். நம்ம வீட்டுலயே ஏ இருக்கும்போது எதுக்குன்னு போகல."

*

அந்த ஏ எப்படி விழுந்தது என்பது சுன்-இம்முக்கு நன்றாகத் தெரியும்.

போன ஜூன் மாதம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. துறைத்தலைவர் யோம் தன் அறைக்குக் கூப்பிட்டு பார்லித் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "சேர்றதுக்குப் பிள்ளைகளே இல்ல மேடம். போன வருஷம் ரெண்டு துறைய மூடியாச்சு. நீங்க ஒருத்தனுக்கு ஃபெயில் போட்டா அவன் கெளம்பிப் போயிருவான். அவன் போனா நீங்களும் போகணும், நானும் போகணும்" என்றார். பிறகு சிரித்தார். "பாதிப் பேருக்கு ஏ, மீதிப் பேருக்கு பி. கையைத் தாராளமா வச்சுப் போடுங்க."

வகுப்பில் 'யார், யாருக்கு, என்ன' என்று ஒரு பயிற்சி. பத்துக் கேள்விகள். கி-பொம் இரண்டு சரியாக எழுதியிருந்தான். மற்றவர்களும் அதற்கு மேலில்லை. பாதிப் பேர் ஃபோனில் சுருக்கம் எடுத்து எழுதினார்கள். ஒரே சுருக்கத்தை ஏழு பேர் எழுதியிருந்தார்கள், ஏழிலும் ஒரே தப்பு. அந்த ஏழு தாளையும் பேருந்தில் திருத்திக்கொண்டு வந்தபோது, யாரோ மென்று துப்பியதைக் கையால் அள்ளிக்கொண்டிருப்பதைப் போல அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சிவப்புப் பேனாவால் ஏ போட்டாள். அக்கா மகனுக்கும் போட்டாள். அடுத்த அரையாண்டுக்கும் வேலை கிடைத்தது. மாணவர்கள் மேல் வந்த அருவருப்பைத்தான் இத்தனை நாள் அவள் கவனித்திருந்தாள். அதே நாற்றம் தன் கையிலிருந்தும் வருவதை ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த அந்த மார்க் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உணர்ந்தாள்.

*

அரையாண்டுத் தேர்வு மறு வாரம் வந்தது. தயாரித்து வைத்திருந்த கேள்வித்தாளை அவள் கிழித்துப் போட்டாள். பெயர்களை எல்லாம் மறைத்து, அந்தக் கம்பெனிக் காகிதத்தையே நாற்பத்தொரு பிரதி எடுத்தாள். கீழே இரண்டே கேள்வி. 'இதில் யார் எதை இழக்கிறார்? இதில் எழுதாமல் விடப்பட்டது என்ன?'

ஃபோனை எல்லாம் பிளாஸ்டிக் கூடையில் வாங்கி வைத்ததும் வகுப்பில் முனகல் எழுந்தது. முன் வரிசைப் பையன் ஒருவன், "மேடம், இது பாடத்துல இல்லையே" என்றான்.

"பாடமே இதுதான்."

"இது ஜாலியா இருக்கணும்ல மேடம்? சிப்பிக் கம்பெனியப் பத்திப் படிச்சு எங்களுக்கு என்ன ஆகப் போகுது?"

சுன்-இம் ஃபோன் கூடையை மேசைக்கடியில் தள்ளி வைத்தாள். வாயைத் திறந்தால் என்ன வார்த்தை வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

தாள்களை வீட்டுக்குக் கொண்டு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினாள். ஓக்-ரே கடற்பாசி சூப்பை ஆற வைத்துக்கொண்டே, "என்ன எழுதியிருக்காவ?" என்று கேட்டாள்.

"இந்தா கேளு. 'நிறுவனம் தொழிலாளியின் மேல் வைத்திருக்கும் அன்பு இதில் தெரிகிறது.'"

"அடப் பாவி."

"இன்னொண்ணு. 'எனக்குச் சிறு வயதிலிருந்தே சிப்பி பிடிக்கும். சிப்பியில் சத்து அதிகம்.'"

ஓக்-ரே சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிற்று. "சத்து உள்ளதுதான். ஒரு வெரலு அதுல சேந்துருக்கே."

"இவன் பாரு, 'எழுதாமல் விடப்பட்டது என்ன'ங்கிறதுக்கு 'தேதி'ன்னு எழுதியிருக்கான். தேதி கீழ கொட்டை எழுத்துல இருக்கு. தேடிப் பாக்கக் கூட இல்ல."

நாற்பத்தொன்றில் எட்டுப் பேர் இரண்டாம் தரப்பு யார் என்று கண்டுபிடித்திருந்தார்கள். அந்த எட்டில் இரண்டாம் கேள்விக்கும் ஒரே ஒரு தாள்தான் தேறியது. துயெட் என்று ஒரு வியட்நாம் பெண். எழுத்து கோணல்மாணல், ஒரு வரியில் மூன்று பிழை. நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தவள். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'எந்த இடத்தில் காயம் என்று எழுதவில்லை. வீட்டில் என்றால் வீடு என்று எழுதலாம். ஏன் எழுதவில்லை? வீட்டில் என்றால் கம்பெனி ஏன் ஆஸ்பத்திரிக்குப் பணம் தருகிறது?'

சுன்-இம் அந்தத் தாளை அக்காவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினாள். "இந்தப் பொண்ணு யாரு வீட்டுப் பொண்ணோ" என்றாள் ஓக்-ரே.

மீதி முப்பத்துமூன்று பேருக்கு ஃபெயில் போட்டாள். யோம் இந்தத் தடவை தேநீர் ஊற்றவில்லை. "என்ன மேடம் இது, பழி வாங்குறீங்களா?" என்றார். "உங்க குடும்பத்துல ஏதோ பிரச்சினைன்னு கேள்விப்பட்டேன். அத வகுப்புல கொண்டு வந்து கொட்டலாமா?"

"அவங்களுக்குப் படிக்கத் தெரியல சார்."

"யாருக்குத் தெரியுது? நானே ஒப்பந்தப் பேப்பர் எல்லாம் முழுசாப் படிக்கறதில்ல. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கேன்." அதைப் பெருமையாகவே சொன்னார்.

ஒரு வாரத்தில் கணினியில் அத்தனை ஃபெயிலும் சி ஆக மாறியிருந்தது. 'மறுமதிப்பீடு' என்று பக்கத்தில் போட்டிருந்தது. மார்ச்சில் தொடங்கும் அரையாண்டின் பாடப் பட்டியலில் சுன்-இம்மின் பெயர் இல்லை.

*

விபத்து இழப்பீட்டு அலுவலகத்தில் ஒரு சின்ன வயசுக்காரி ஓக்-ரேயின் மனுவை வாங்கிப் பார்த்தாள். கையெழுத்திட்ட காகிதம் இருந்தாலும் மனு போடலாம் என்றாள். ஆனால் கொட்டகையில் நடந்தது என்று பார்த்தவர் ஒருவராவது எழுதித் தர வேண்டும்.

பார்த்தவர்கள் பதினெட்டுப் பேர். மேசையில் ஓக்-ரேக்கு அடுத்து நின்றவள் ஹாதோங்காரி. ஹாதோங் ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள், அதனால் அந்தப் பெயர். ரத்தம் வந்தபோது தன் தலைத்துண்டை அவிழ்த்து ஓக்-ரேயின் கையில் கட்டியவள் அவள்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஓய்வு நேரத்தில் சுன்-இம்மும் கி-பொம்மும் கொட்டகைக்குப் போனார்கள். ஆலங்கட்டியும் மழையுமாகக் கலந்து பெய்தது. பெண்கள் அடுப்பைச் சுற்றிக் குந்தி, சிப்பி போட்ட சோற்றுக் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"ஓக்-ரே எப்படி இருக்கா?" என்று ஹாதோங்காரி மட்டும் கேட்டாள்.

சுன்-இம் விஷயத்தைச் சொன்னாள். கஞ்சி உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கள இழுக்காதம்மா" என்றாள் வயதான ஒருத்தி. "நீ படிச்சவ, உனக்குக் காலேஜு இருக்கு. எங்களுக்கு இந்த மேசைதான்."

"காலேஜு இல்ல. போயிருச்சு."

"அப்படின்னா இன்னும் மோசம். எங்களுக்கும் போகணுமா?"

கி-பொம் அதுவரை கதவோரம் நின்றான். திடீரென்று சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். "நான்தான் இத எங்கம்மாவுக்குப் படிச்சேன்" என்றான். குரல் உடைந்திருந்தது. ரேடியோக் குரல் எங்கே போயிற்றோ. "தப்பாப் படிச்சேன். இன்னொரு தரம் படிக்கேன். கேளுங்க."

ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஒரு வரி படிப்பான், நிறுத்துவான், அதைப் பேச்சு வழக்கில் சொல்லுவான். "'இரண்டாம் தரப்பு'ன்னா எங்கம்மா. 'சொந்த உபயோகம்'னா வீட்டுல தின்னுறதுக்கு. இங்கன இந்த மேசையில நின்னு வீட்டுக்குத் தின்ன யாராவது உரிச்சிருக்கீங்களா? 'எந்த அலுவலகத்திலும் கோரிக்கை வைக்காது'ன்னா எங்கம்மா வாயக் கட்டிக்கிட்டாளாம்."

"போதும்லே, நிறுத்து" என்றாள் அந்த வயதானவள். "எனக்கு இதக் கேக்க வேண்டாம்."

"ஏன் ஆச்சி?"

அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு இடது கையை நீட்டிக் காட்டினாள். சுண்டு விரல் கோணிக்கொண்டு நின்றது. "மூணு வருஷத்துக்கு முந்தி. எனக்கும் இந்த மாரி ஒண்ணு குடுத்தாரு. ஆரஞ்சு இல்ல, பேரிக்காய்ப் பெட்டி. நான் அதுல என்ன இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் கேக்கல. இப்பமும் கேக்க மாட்டேன். கேட்டா அந்தப் பேரிக்காயெல்லாம் வயித்துல இருந்து வெளிய வந்துரும்."

யாரும் சிரிக்கவில்லை. அப்போது நாம்கூங் முதலாளி வெளியிலிருந்து குடையைச் சுருக்கிக்கொண்டு வந்தார். கி-பொம்மைப் பார்த்து முகம் மலர்ந்து, "அட, நம்ம வாசிப்புக்காரத் தம்பி! அம்மா சுகமா?" என்றார். சுன்-இம்முக்கு அவருடைய அந்தச் சிரிப்பின் மேல் துப்ப வேண்டும் போல இருந்தது. அந்த மனுஷன் நடிக்கவில்லை. உண்மையிலேயே அன்பாகத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

"விரல் எங்க வச்சுப் போச்சு முதலாளி?" என்று கேட்டான் கி-பொம்.

"பேப்பர்லதான் போட்டுருக்கே தம்பி."

"பேப்பர்ல எடம் போடல. அதான் கேக்குதேன்."

முதலாளியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "ஓய்வு முடிஞ்சுது, எல்லாரும் எந்திரிங்க" என்றார். எல்லாரும் எழுந்தார்கள், கையுறை மாட்டினார்கள், மேசைக்குப் போனார்கள். ஓடுகள் மறுபடி சடசடவென்று விழ ஆரம்பித்தன. தாயும் மகனுமாக இருந்தால் அழுதிருப்பார்கள். சித்தியும் மகனும் மழையில் நடந்து வீடு வந்தார்கள்.

நான்கு நாள் கழித்து ஹாதோங்காரி சந்தைக் கூடையோடு வீட்டுக்கு வந்தாள். கூடையில் கீரைக்கடியில் ஒரு தாள். பென்சிலில் இரண்டு வரி. 'நான் பக்கத்தில் நின்றேன். மேசையில் வைத்துக் கத்தி நழுவியது, நான் துண்டு கட்டினேன்.' கீழே கோணிய கையெழுத்து.

"சரியா எழுதியிருக்கேனா?" என்று சுன்-இம்மிடம் கேட்டாள்.

"இதுக்கு மேல சரியா எழுத ஆளில்ல."

"வேல போனா உங்க வீட்டுக்குத்தான் சாப்பாட்டுக்கு வருவேன், பாத்துக்கிடுங்க" என்றாள் ஹாதோங்காரி. போனது. பிப்ரவரியிலேயே வேலை போனது. நான்கு தெரு தள்ளி வேறொரு கொட்டகையில் சேர்ந்தாள்.

*

கி-பொம் கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனது சுன்-இம்முக்குப் பிறகுதான் தெரியும். தன்னுடைய ஏயை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

"மார்க் மாத்துற படிவத்துல 'உயர்த்தக் கோரும் காரணம்'னுதான் சித்தி இருக்கு. 'கொறைக்கக் கோரும் காரணம்'னு கட்டமே இல்ல."

"அப்புறம்?"

"ஆபீஸ்ல இருந்த அக்கா என்னப் பைத்தியம்னு நெனச்சுட்டா. சரி, மறுபடி அந்தப் பாடத்தப் படிக்கேன்னேன். ஏ வாங்கினவங்க மறுபடி எடுக்க முடியாதாம். நல்லாப் படிச்சவங்களாம்."

சுன்-இம் வெகுநாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ஓக்-ரே எழுந்து போய் ஐஸ்பெட்டிக் கதவிலிருந்து அந்த மார்க் தாளை உரித்தாள். உருளைக்கிழங்குத் தோலைக் கூட்டி அள்ள அதை எடுத்துக்கொண்டாள்.

மார்ச் இரண்டாம் வாரம் அலுவலகக் கடிதம் வந்தது. மூன்று பக்கம். வெயில் லேசாக ஏறியிருந்தது. மதியச் சாப்பாடு நேரம். மூவரும் தாழ்ந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பொரித்த கானாங்கெளுத்தி ஆறிக்கொண்டிருந்தது. கடிதத்தைப் பிரிக்க சுன்-இம்மின் கை தானாக நீண்டது. ஓக்-ரே அதைத் தட்டிவிட்டு மகனிடம் கொடுத்தாள்.

அவன் படித்தான். வாய்விட்டுப் படிக்கவில்லை. ஒரு பக்கம் முடித்து மறுபடி மேலே போனான். பென்சிலை எடுத்து ஓரிடத்தில் கோடு போட்டான்.

"என்னலே, நல்லதா கெட்டதா?" என்றாள் ஓக்-ரே.

"இரும்மா. இன்னும் புரியல."

சுன்-இம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. வகுப்பில் நாற்பது பேரிடமிருந்தும் கேட்டதில்லை. அந்த வியட்நாம் பெண் ஒருத்தியைத் தவிர.

மீன் முழுக்க ஆறிப்போயிற்று. யாரும் தொடவில்லை. மூன்றாம் தரமும் முடித்துவிட்டு அவன் தாளை மேசையில் விரித்தான்.

"வேலையில வச்சுத்தான் அடிபட்டுச்சுன்னு ஏத்துக்கிட்டாங்க. ஆட்காட்டி வெரலுக்குத் தருவாங்க."

ஓக்-ரே மூச்சை விட்டாள். "அம்மாடி. போதும்லே. போதும். சாப்பிடு."

"நடுவெரலுக்கு இல்லங்கிறாங்க. ஏன்னு காரணம் போடல." பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்திருந்தான். "ரெண்டாம் பக்கத்துல டாக்டர் 'மடங்காது'ன்னு எழுதியிருக்காரு. மூணாம் பக்கத்துல அந்தப் பேச்சே இல்ல."

"கெடச்சதே பெரிசுடா. திரும்பப் போயி அவங்ககிட்ட மல்லுக்கட்டவா முடியும்?"

"முடியும்மா. தொண்ணூறு நாளுக்குள்ள கேக்கலாம்னு அடியில சின்ன எழுத்துல இருக்கு."

ஓக்-ரே தன் இடது கையை மேசைமேல் எடுத்து வைத்தாள். மடங்காத அந்த நடுவிரலைக் கொஞ்ச நேரம் யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கையால் மீன் தட்டைப் பக்கத்தில் நகர்த்தி, எழுத இடம் பண்ணிக் கொடுத்தாள்.

"அப்போ கேளு" என்றாள்.